சம்பளம் தாங்கும் வயல்



‘கணினியும் கழனியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஓசையில் இரண்டும் உடனே பொருந்திவிட்டன. வாழ்க்கையில் பொருத்துவதற்கு எனக்கு நான்கு பிசான நெல் பருவம் ஆயிற்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள் நான். திரும்பிப் போகவில்லை. அப்பாவின் இரண்டு ஏக்கரும், வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மாடும் கோழியும் என்னைப் பிடித்துக்கொண்டன. ஊரில் இருந்தபடி மென்பொருள் வேலை பார்ப்பது நம் தென்காசிக்குப் புதிதில்லை. ஜோஹோ நிறுவனம் 2011-இலேயே இங்கே அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறையில் குடியேறி, அங்கிருந்தே வேலையை நடத்திக் காட்டினார். அந்தத் துணிச்சல் எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது.

என் வேலை அமெரிக்கக் கடிகாரத்தோடு கட்டப்பட்டது. பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்தரைக்கு எழுவேன். அதனால் விடிகாலையும் முற்பகலும் வயலுக்குச் சொந்தம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். என் வேலையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நமக்கு அது பிசான நடவுக் காலம். எங்கோ ஒரு நாட்டில் முள்ளைத் திருப்புகிறார்கள். இங்கே எனக்கு நாற்றுப் பிடுங்க ஒரு மணி நேரம் கூடுகிறது. இரவுத் தூக்கம் அந்த அளவுக்குக் குறையவும் செய்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக அது இறங்கினால் கம்பத்தில் தொங்கும் இணைய வடம் அறுந்து விழும். கரண்டு போனால் கொஞ்ச நேரத்தில் செல்பேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். இரண்டு இணைப்பும் ஒரு இன்வெர்ட்டரும் இல்லாமல் இந்த வேலைக்கு யாரும் ஊர் திரும்பிவிடாதீர்கள்.

ஆனால் என்னைத் திருத்தியது காற்று இல்லை, தண்ணீர். முதல் வருஷம் எங்கள் வயலுக்கு நீர் முறை ஒரு நாள் ராத்திரியில் வந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் சோதித்த மென்பொருள் வெளியாகிறது. ஹெட்போனைக் கழற்ற முடியவில்லை. மேல்வயல் அண்ணாச்சி மடையைத் திறந்து, எங்கள் வரப்பில் உடைப்பு விழாமல் விடியும்வரை காத்து நின்றிருக்கிறார். காலையில் நன்றி சொல்லப் போனேன். “தண்ணிக்கு உன் மீட்டிங் தெரியுமாம்மா? முந்துன நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நீர் முறை நாட்களை அலுவலக நாட்காட்டியில் முதலில் குறித்துவிடுகிறேன். கூட்டம் வேறு நேரத்துக்கு நகரும். தண்ணீர் நகராது.

அந்த அண்ணாச்சிக்கு நான் பட்ட கடனை எப்படி அடைப்பது என்று யோசித்தபோதுதான், இன்று உங்கள் முன் சொல்ல வந்தது எனக்குப் பிடிபட்டது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருப்பது சராசரியாக முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் எதைச் சோதித்துப் பார்ப்பார்? இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்க, நெல் போன்ற பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் கடக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் விளைச்சல் குறையலாம். விலையும் கூடுதலாகக் கிடைக்காது. “ரசாயனத்தை விடுங்கள்” என்று மேடையில் சொல்வது எளிது. அந்த இரண்டு வருஷமும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் எங்கே போவார்?

என்னால் அந்த நட்டத்தைத் தாங்க முடியும். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் வருகிறது. அதனால் ஊர் திரும்பும் எங்களைப் போன்றவர்கள், நல்ல காற்றும் நல்ல காய்கறியும் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஊருக்காகத் தோற்றுப் பார்க்கிற வயல் எங்களுடையதாக இருக்கட்டும். எந்த நெல் இந்த மண்ணில் சாய்கிறது, எது நிற்கிறது என்பதை எங்கள் செலவில் பார்ப்போம். என்ன செலவு, எத்தனை மூட்டை என்று கணக்கெழுதித் திண்ணையில் வைப்போம். சோதித்துப் பார்த்துக் குறித்து வைப்பதுதானே எங்கள் தொழில்! எனக்கு ஒரு பருவத்தில் வழக்கமான விளைச்சலில் பாதிக்கும் குறைவாகத்தான் கண்டது. அந்தக் கணக்கைத்தான் அண்ணாச்சி மூன்று முறை வாங்கிப் பார்த்தார்.

இன்னொன்றையும் வேதனையோடு சொல்கிறேன். வெளியூர்ச் சம்பளத்தில் நிலம் வாங்குகிறவர்கள் முதல் வேலையாகச் சுற்றுவேலி போடுகிறார்கள். அதில் பழைய வாய்க்கால் மூடிப்போகிறது, வண்டிப் பாதை அடைபடுகிறது. கடைமடைக்காரர் கண்ணீர் விடுகிறார். பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கலாம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் உரியது. வேலிக்கு அளக்கும் முன் கடைமடைப் பெரியவர்களை ஒருமுறை கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

கணக்கைப் போலவே விதையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு வழி காட்டிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் போனார். 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த விதைத் திருவிழாவில் அவர் வைத்த முறை இது: இரண்டு கிலோ விதை கொண்டு போ, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு. பணம் கேட்கவில்லை.

இப்போது புரட்டாசி. நாற்றங்கால் போட இன்னும் நாள் இருக்கிறது. என் வயலில் விளைந்த தூயமல்லி நெல் விதையை இரண்டு இரண்டு கிலோவாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் என் தங்கை வைத்திருக்கிறாள். முளைப்புச் சோதித்த தேதி பையிலேயே எழுதியிருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே வயல் வைத்திருப்பவர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், நோட்டில் பெயர் எழுதிவிட்டு முதல் பையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.