செத்த எந்திரங்களும் நூற்றியேழு கைத்திறன்களும்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவேன் என்று வந்தவர்கள் பொறுத்துக்கணும். இன்றைக்கு ரிப்பேராகிக் கிடக்கிற ஆஸ்பத்திரி எந்திரங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையில் பணம் எண்ணும் எந்திரம் நின்றுபோனால் மேலாளர் போனைத் தூக்குவார். சாயங்காலத்துக்குள் பையோடு ஆள் வந்துவிடும். பணத்துக்கு அவ்வளவு மரியாதை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் காற்று தரும் எந்திரம் நின்றால்? "மிஷின் ரிப்பேர், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார்கள். காசுள்ளவன் தனியாரிடம் போய்விடுவான். பஸ்ஸுக்கே கடன் வாங்குகிற நம்ம சனம் எங்கே போகும்? ஓர் எந்திரம் சாகும்போது அதோடு சேர்ந்து சாகிறவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

இது ஏதோ ஓர் ஊர்க்கதை இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மால்கினும் பெர்ரி என்பவரும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 நாடுகளின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இருந்த 1,12,040 கருவிகளை எடுத்துப் பார்த்ததில் 38.3 சதவீதம் வேலை செய்யவில்லை. இந்தியாவில் தேசிய சுகாதார இயக்கம் எடுத்த கணக்கில் 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் வந்தன. அவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை பழுது. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: பதிவேட்டில் அது சொத்து, வார்டில் அது பழைய இரும்பு.

ஏன் சாகின்றன? ஆக்சிஜன் செறிவூட்டியை எடுத்துக்கொள்வோம். அறைக்காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆக்சிஜனை வெளியே தருகிற பெட்டி அது. காற்று நுழைகிற இடத்தில் ஒரு நுரைப்பஞ்சு இருக்கும். வாராவாரம் அதைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டணும். அலசாவிட்டால் தூசி அடைக்கும், உள்ளே சூடேறும், பெட்டி படுத்துவிடும். சளி உறிஞ்சும் எந்திரத்தில் பாட்டில் நிரம்புவதைக் கவனிக்காவிட்டால் நீர் பம்புக்குள் போய்விடும். 110 வோல்ட் கருவியை நன்கொடையாக அனுப்புகிறான். இங்கே 230 வோல்ட்டில் சொருகுகிறோம். ஒரே நொடியில் புகைகிறது. அப்புறம் அது மூலையில் நிற்கும். மேலே பழைய போர்வை, நோட்டுக்கட்டு.

மால்கின் 2010-ல் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார். 11 நாடுகளில் வசதியற்ற 60 ஆஸ்பத்திரிகளில் பழுதாகிக் கிடந்த 2,529 கருவிகளில் 1,821 கருவிகள், அதாவது 72 சதவீதம், வெளிநாட்டு உதிரிபாகம் ஒன்றுகூட வரவழைக்காமல் திரும்ப ஓடின. 66 சதவீதக் கருவிகளைப் பிழைக்க வைக்க 107 கைத்திறன்களே போதுமாக இருந்தன. மின்சாரம், மோட்டார், குழாய், திருகு, பொருத்துதல், அப்புறம் எப்படிப் பயன்படுத்துவது என்று நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தல். ஐ.டி.ஐ. படித்த நம்ம பையனும் பெண்ணும் கற்றுக்கொள்ள முடியாதது இதில் எது?

ருவாண்டாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1994-ன் இனப்படுகொலையில் எல்லாவற்றையும் இழந்த நாடு. அங்கே 2009 முதல், மால்கின் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராக இருந்த என்ஜினியரிங் வேர்ல்டு ஹெல்த் என்ற அமைப்பு ஆஸ்பத்திரித் தொழில்நுட்பர்களுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது. ருவாண்டாவின் ஆட்களே ருவாண்டாவின் எந்திரங்களைத் திறந்தார்கள்.

"அரைகுறையாகப் படித்தவன் உயிர்காக்கும் கருவியில் கைவைக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சரிசெய்த கருவி சரியான அளவு காட்டுகிறதா என்று சோதிக்காமல் நோயாளியிடம் கொண்டுபோகக் கூடாது. எதைத் தொடலாம், எதைப் பெரிய பொறியாளரிடம் அனுப்பணும் என்பதும் பயிற்சியில் ஒரு பாடம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பயிற்சி கொடு என்று கேட்பதில்லை, தொடாதே என்கிறார்கள். தொடாதே என்ற சொல் நமக்குப் புதுசா தோழர்களே? மூளைக்கு ஒரு நாற்காலி, கைக்கு ஒரு மூலை என்று பிரித்துவைத்த சமூகத்தில் திருப்புளி பிடிக்கிறவனுக்கு எப்படி மரியாதை வரும்?

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 2015-ல் பராமரிப்பைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்பந்தத்தில் விடும் திட்டம் வந்தது. கருவிகள் எவ்வளவு காலம் ஓடணும் என்று விதித்தார்கள்: மாவட்ட ஆஸ்பத்திரியில் 95 சதவீதம், சமுதாய நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிக் கருவி வருஷத்தில் 18 நாள் படுத்திருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கருவி 73 நாள் படுத்திருக்கலாம். சேரிக்காரி முதலில் ஏறுகிற படி எது? அந்தப் படிக்குத்தான் 73 நாள்.

எந்திரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்திரம் வரும், ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ வரும். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கை வராது. நாம் கேட்கவேண்டியது இவை: ஒவ்வொரு வட்டத்திலும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர், நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம், ஒரு கருவிப்பெட்டி, ஃப்யூஸும் ரப்பர்க் குழாயும் யாரையும் கெஞ்சாமல் வாங்கக் கொஞ்சம் பணம். பயிற்சி கொடுத்துவிட்டுப் பதவி கொடுக்காவிட்டால் அவன் ஏ.சி. மெக்கானிக்காகப் போய்விடுவான். அவனைக் குறைசொல்ல முடியாது.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மூலையில் போர்வை மூடியிருப்பது என்னவென்று கேளுங்கள். எத்தனை நாளாக என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். பத்து ஊரில் எழுதினால் அது மனு. நூறு ஊரில் எழுதினால் அது போராட்டம்.