ஒரே வேர், பல குடும்பப் பெயர்கள்



இந்த மாநாடு எடுத்துக்கொண்ட பொருள் கனடாவின் கெபெக். 1608இல் பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் அங்கே குடியிருப்பு அமைத்ததிலிருந்து, 1763இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரான்ஸ் அதைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தது வரையிலான காலம். அந்த ஒன்றரை நூற்றாண்டில் கடல் கடந்து வந்து, நிலைத்து, குடும்பம் நடத்தியவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்தாம். 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி தம் செலவில் அனுப்பிய 'அரசரின் பெண்கள்' சுமார் 800 பேர். 1665இல் வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் படையில் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் சுமார் 400 பேர். இன்றைய பிரெஞ்சுக் கனடியர் பல லட்சம் பேரின் வேர் இந்தச் சிறு கூட்டம்.

மூதாதையர் சிலரே. தேவாலயப் பதிவேடுகளோ ஏராளம். அப்படியிருந்தும் குடிவழி தேடுகிறவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெயர்.

படையில் சேர்ந்தவனுக்குப் பட்டப்பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும்: லாஃப்ளேர், லாஜுனெஸ், லாவியோலெத். படையைவிட்டு ஏர் பிடித்த பிறகும் அது போகாது. பாதிரியார் அவனுடைய குடும்பப் பெயரை எழுதி, 'எனப்படும்' என்ற பொருளில் 'தி' சேர்த்து, பட்டப்பெயரையும் எழுதி வைப்பார். படைவீரர்களோடு இது நிற்கவில்லை. பிறந்த ஊர், வாங்கிய நிலம், முன்னோர் ஒருவரின் முதற்பெயர் என்று எதுவும் 'தி' பெயராகலாம்.

கெபெக்கின் பாத்திஸ்கானில் குடியேறிய ரிவார் சகோதரர்களைப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான். ஆனால் நிக்கோலா, 'ரிவார் தி லாவிஞ்'. ரொபேர், 'ரிவார் தி லோரான்ஜே'. அவர்களுடைய பிள்ளைகள் காலத்தில் லாகூர்சியேர், லானுவெத் என்று மேலும் கிளைகள். பேரன் பேத்திகளின் வழியில் சில இடங்களில் 'ரிவார்' உதிர்ந்துபோய்ப் பட்டப்பெயரே குடும்பப் பெயராயிற்று. இன்று ஒரு லோரான்ஜேயும் ஒரு லாகூர்சியேரும் எதிரெதிரே அமர்ந்தால் பங்காளிகள் என்பது தெரியாமலே எழுந்து போகலாம்.

ஆகவே பெயரைத் துரத்துவதைவிடத் தம்பதியைத் தேடுவதே வழி. திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய பெற்றோர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும், கைம்பெண்ணான பிறகும்கூட, ஏடுகளில் தந்தைவழிப் பெயரோடேயே வருகிறார்கள். கணவன் பெயர் மூன்று விதமாகத் திரிந்தாலும் மனைவி பெயர் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞானஸ்நானப் பதிவில் வேறொரு பொறி உண்டு. ஞானத்தந்தை அல்லது ஞானத்தாயின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதும் உண்டு. அடக்கப் பதிவைப் பார்க்காதவர் இறந்த குழந்தைக்குத் திருமணம் செய்து வைத்துவிடுவார்!

ஏடுகளுக்கும் சோதனை வந்தது. 1640இல் கெபெக் தேவாலயம் எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்தன. நினைவிலிருந்து அவற்றைத் திரும்ப எழுதினார்கள். பதிவேட்டுக்கு இரண்டு படி வேண்டும் என்று 1667இல் பிரெஞ்சு அரசாணை வந்தது. அந்த ஏடுகளைக் கொண்டுதான் சிப்ரியான் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதி குடிவழி அகராதி வெளியிட்டார். மொன்றியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம் 1966இல் தொடங்கி, குடும்பம் குடும்பமாக அவற்றை இணைத்தது.

தமிழ் ஆய்வாளர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. கனடாவை இழந்த அதே உடன்படிக்கையில்தான் பிரான்ஸ் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. அங்கும் பிரெஞ்சுப் பதிவேடுகள் 1676 முதல் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கலாம்.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவரைக் குறிப்பிடும்போது அவருடைய எல்லாப் பெயர்களையும், மனைவியின் பெயரையும், திருமணம் நடந்த தேவாலயப் பங்கையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வு தொடங்கட்டும்.