அகராதிக்குள் நம் பறை



படப்பையில் நம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறார்கள். ‘ஈஸ்தெட்டிக்ஸ்’, ‘டெஸ்டிமோனி’, ‘ஃபோக் ஆர்ட்’ என்று சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். அவை இல்லாமல் நேர்காணல் அறையில் வாய் திறக்க முடியாது.

‘பரையா’ என்ற சொல் வந்த அன்று மட்டும் வகுப்பு அமைதியாகிவிட்டது. விலக்கப்பட்டவர் என்று பொருள். ஒதுக்கப்பட்ட எழுத்தாளரை ‘லிட்டரரி பரையா’ என்று திறனாய்வாளர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். போலந்து மொழியில்கூட அது ‘பரியாஸ்’ என்று புழங்குகிறது. நம் பறையிலிருந்து போன சொல் அது. தோலும் அடியும் போய், தீண்டாமை மட்டும் கடல் தாண்டியிருக்கிறது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது தலைப்பு மாறவில்லை. பனைமட்டையின் அரம் அப்படியே போனது. ஆங்கில வாசகர் நம் சொல்லைக் கற்க வேண்டியதாயிற்று. ஆனால் அதை ‘டெஸ்டிமோனி’ என்றே அதிகம் பேசினார்கள். சாட்சியம்தான், மறுக்கவில்லை. கலை என்று சொல்ல மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

வரும் ஞாயிறு வகுப்பில் பறையை நடுவில் வைத்து, இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆங்கிலத்திலேயே சண்டை போடப்போகிறோம். நீங்களும் வாருங்கள்.