முகம் அறியாதவர் கடிதம்



கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணக்கிற்குப் பரிசு பெற்று 1904ஆம் ஆண்டில் வெளிவந்த இளைஞர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்த சிறிது காலத்திற்குள் தமக்குக் கிடைத்த உதவித்தொகையை இழந்தார். கணக்கு ஒன்றிலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டதன் விளைவு அது. 1905ஆம் ஆண்டில் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தவறினார். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

இக்கதையைச் சான்று காட்டி, 'ஆங்கிலத்தில் தவறினால் என்ன?' என்று என்னிடம் வாதாடிய மாணவர் சிலர் உண்டு. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்கிட்டவர் அவர். என்னிடம் வாதாடியவர்களுள் எவரும் முழங்கை தேய்ந்தவராகத் தோன்றவில்லை.

தேர்வு கைவிட்டபின் அவர் கணக்கைக் கைவிடவில்லை. தம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அறிஞர்களின் வாயில்களை நாடினார். 1910ஆம் ஆண்டில் திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைக் கண்டார்; பின்னர் நெல்லூர் ஆட்சித்தலைவர் இராமச்சந்திர ராவைக் கண்டார். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். கேம்பிரிட்ஜிலிருந்த இரு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயன் காணாதபின், 1913ஆம் ஆண்டு சனவரியில் ஹார்டி என்பவருக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தைச் சற்று நிதானித்து நோக்குவோம். எழுதியவரைப் பெற்றவர் அறியார். பெற்றவரை எழுதியவர் நேரில் கண்டதில்லை. ஹார்டிக்கு முதலில் இது மோசடியோ என்னும் ஐயமே எழுந்தது. ஆயினும் அவர் அதனை எறிந்துவிடவில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. லிட்டில்வுட் என்னும் நண்பருடன் அமர்ந்து தேற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மறுபுறம் இராமானுஜனோ, ஹார்டியின் நூலைப் படித்து, அவர் இன்ன கல்லூரியில் உள்ளவர் என்று தெளிந்த பின்னரே எழுதினார். துறைமுக அலுவலகத்து நாராயண ஐயர் முதலிய பெரியோர் அறியவே அக்கடிதம் சென்றது. மறைவு என்பது அதில் எள்ளளவும் இல்லை.

இன்று முகம் அறியாதவர் கடிதம் உங்கள் கைப்பேசிக்கு நாள்தோறும் வருகின்றது. அதனை எழுதியவர் யார்? அவர் வைத்திருக்கும் படம் வேறொருவருடையதாக இருக்கலாம். குரலையும் முகத்தையும் கணினியே புனைந்து தரும் காலம் இது. இணைய விளையாட்டில் தோழராக வருகிறார். உங்கள் திறமையைப் புகழ்கிறார். விளையாட்டு நாணயங்களை இலவசமாகத் தருகிறார். சில நாள் சென்றபின் தனியே பேசலாம் என்கிறார். அதற்கும் பின்னர், 'வீட்டில் சொல்லாதே' என்கிறார். அச்சொல் காதில் விழுந்தவுடனே நீங்கள் எழுந்து பெற்றோரிடம் செல்லவேண்டும்; அடுத்து அவர் கேட்கப்போவது உங்கள் படமாகவோ, தந்தையாரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணாகவோ இருக்கக்கூடும்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் வந்தவன் எவரையும் நிமிர்ந்து பாராதிருந்தான். மாலையில் அருகே அழைத்து, பாடத்தைப் பற்றி ஒன்றும் கேளாமல், 'உண்டாயா?' என்று மட்டும் கேட்டேன். அழுதுவிட்டான். யாரோ ஒருவனுக்கு அனுப்பிய படத்தைக் கொண்டு, பணம் தராவிடில் ஊரெங்கும் பரப்புவதாக மிரட்டல் வந்திருக்கின்றது. சேமித்த பணத்தை இருமுறை கொடுத்திருக்கின்றான். கொடுக்கக் கொடுக்க மிரட்டல் வளர்ந்ததே அன்றிக் குறையவில்லை. 'என்மேல்தான் குற்றம் ஐயா' என்றான்.

குற்றம் அவனுடையது அன்று. பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஆபாசப் படத்தைக் கேட்பதும், வைத்திருப்பதும், பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படியும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படியும் தண்டனைக்குரியவை. மிரட்டுபவனுக்கு மேலும் பணம் தரலாகாது. அவன் அனுப்பிய செய்திகளை அச்சத்தால் அழித்துவிடவும் கூடாது, அவையே சான்று. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்னும் எண் உண்டு. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் உடனே கூறவேண்டும். விரைந்து கூறினால் அது மேலும் கைமாறாமல் வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. கடவுச்சொல்லை உயிர்த்தோழனுக்கும் சொல்லாதிருத்தல் முதலியவற்றை நீங்கள் முன்னரே கேட்டிருப்பீர்கள், ஆகவே விரிக்கவில்லை.

பெற்றோரும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சொல். கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்னும் அச்சமே பல பிள்ளைகளின் வாயைக் கட்டுகின்றது. அந்த மாணவனும் அதனை அஞ்சியே நான்கு நாள் தனித்துத் துன்புற்றான்.

அன்று மாலை அவனுடன் அவன் இல்லத்திற்குச் சென்றேன். தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, 'வா, புகார் கொடுத்துவிட்டு வருவோம்' என்றார். அந்த அரையாண்டுத் தேர்வில் அவன் இரு பாடங்களில் தவறினான். இப்போது முழுஆண்டுத் தேர்விற்காகக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, வகுப்பின் கடைசி இருக்கையில் அமர்ந்து கணக்குப் போடுகின்றான்.