பொறியின் கணக்கும் ஊராரின் கணக்கும்



ஓர் அணையையோ பெருஞ்சாலையையோ கட்டத் தொடங்குமுன், பொறியியலறிஞர் மண்ணையும் கல்லையும் நீரையும் அளந்து கணக்கிடுகின்றனர். அதனால் ஊராரின் வாழ்வு எவ்வாறு மாறும் என்பதையும் அவ்வாறே முன்கூட்டிக் கணிக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண ஆராய்ச்சியாளர் கணிப்பொறியைத் துணைகொள்கின்றனர். மக்களையும் சங்கங்களையும் பொறிக்குள்ளே சிறு சிறு உருக்களாக அமைத்து, ஒருவர் செயல் மற்றவரை எவ்வாறு பாதிக்கும் என்பதற்கு விதிகளையும் வகுத்து, பல்லாண்டுக் காலத்தைச் சிறிது நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதே இம்முறை. 'பாவனை ஊர்' என்று இதனைச் சொல்லலாம்.

இம்முறையின் வலிமையும் வரம்பும் விளங்க, இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் கதை ஒன்றே போதும்.

அங்கே 'சுபாக்' என்னும் உழவர் சங்கங்கள் பல நூற்றாண்டுகளாக ஆற்றுநீரைப் பங்கிட்டு வருகின்றன. எப்பொழுது நடுவது, எப்பொழுது வயலை ஆறப்போடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வது அவர்கள் வழக்கம். 1970-ஆம் ஆண்டுகளில் பசுமைப் புரட்சி அங்கே வந்தது. புதிய நெல்லும் உரமும் பூச்சி மருந்தும் வந்தன. இடைவிடாது பயிரிடுக என்ற அறிவுரையும் உடன் வந்தது. திட்டத்தாரின் கணக்கில் நீர்க்கோயில்களுக்கு இடமில்லை. விளைவு யாது? நீர்ப்பங்கீடு குலைந்தது, வயல்கள் ஆறாமையால் பூச்சிகள் பெருகின.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலறிஞரும், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலறிஞரும், ஈராற்றுப் பாசனத்திலுள்ள 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்து, 1993-இல் முடிவை வெளியிட்டனர். எல்லாரும் ஒருங்கே நட்டு ஒருங்கே அறுத்தால் பூச்சிகள் உணவின்றி மடியும். ஆனால் அனைவருக்கும் ஒரே வேளையில் நீர் போதாது. அவரவர் வேறு வேறு நாளில் நட்டால் நீர் போதும். ஆனால் பூச்சிகளுக்கு எந்நாளும் ஒரு வயல் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல விளைச்சல் தந்த ஏற்பாடு, நீர்க்கோயில்களின் ஏற்பாட்டையே பெரிதும் ஒத்திருந்தது!

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கோயில்களுக்குச் சென்று உழவரைக் கேட்டறிந்த பின்னரே பொறி இவ்வுண்மையைச் சொல்லிற்று. கேளாமல் கணக்கிட்டிருந்தால், அதே பொறி பழைய திட்டத்துக்கே ஒப்புதல் அளித்திருக்கலாம். பொறிக்குள் நாம் வையாத எதுவும் அதன் விடையில் வாராது.

நம் நாட்டில் 2013-இல் இயற்றப்பெற்ற நிலம் கையகப்படுத்தல் சட்டம், பொதுவாக, நிலத்தை எடுக்குமுன் சமூகத் தாக்கத்தை மதிப்பிட வேண்டும் என்றும், பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கூட்டம் கூட்டிக் கேட்க வேண்டும் என்றும் விதிக்கிறது. இத்தகைய அறிக்கைகளை மொழிபெயர்ப்பது என் அலுவலில் அடங்கும். 'பாதிக்கப்படும் குடும்பங்கள்' என்ற தொடர் அவற்றில் எண்ணோடு வரும். அக்குடும்பம் அவசரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்கும், யார் கிணற்றில் நீர் மொள்ளும் என்பது எண்ணில் வாராது.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புது ஊரில் வீடு கிடைத்தாலும், அக்கம்பக்கம் அமைய ஆண்டுகள் செல்லும் என்பதை நாம் அறிவோம். ஆகவே, நீங்கள் வாழும் பகுதியில் அத்தகைய கூட்டம் நடைபெறுமாயின், அது எம்மொழியில் நடந்தாலும் சென்று, நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் சொல் ஏறிய பின்னரே கணக்கு முழுமை பெறும்.