பள்ளிப் பந்தியும் பிள்ளைகளின் தன்மானமும்
(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அன்னதானப் பந்திக்கு இலை போடும் நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். ஆதலால் உணவைப் பற்றியே பேசுவது பொருத்தமாகும். ஆனால் நான் பேச விழைவது கோயில் பந்தியைப் பற்றியன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் அமரும் பந்தியைப் பற்றி.

2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள், நோன்பு மாதத்தில் நடந்ததை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சிலாங்கூர் மாநிலம் சுங்கை பூலோவில் உள்ள சிறி பிரிஸ்தானா தேசியப் பள்ளியில், இஸ்லாமியர் அல்லாத மாணவர்கள் குளியலறையை ஒட்டிய உடைமாற்றும் அறையில் அமர்ந்து உண்ணும் படங்கள் வெளியாயின. நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. சிற்றுண்டிச்சாலையில் சீரமைப்புப் பணி நடந்ததால் அவ்வறை பயன்படுத்தப்பட்டதாகப் பள்ளித் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அவ்வழக்கை மீண்டும் விசாரிக்க நான் இங்கு வரவில்லை. அங்கே அமர்ந்து உண்ட பிள்ளையின் உள்ளத்தில் என்ன பதிந்திருக்கும் என்பதே என் கேள்வி. 'நான் உண்பது பிறர் கண்ணிற் படத்தகாத ஒன்று போலும்' என்றுதானே அது எண்ணியிருக்கும்?

அந்த எண்ணம் எத்தகையது என்பதை நான் அறிவேன். நான் ஒரு ரப்பர்த் தோட்டத்திற் பிறந்தவன். என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, எனக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் புறப்படுவார். பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, என் கருவாட்டுக் குழம்பின் வாடையைக் கண்டு ஒரு மாணவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். சுற்றியிருந்தோர் சிரித்தனர். மறுநாள் முதல் கட்டடத்தின் பின்புறம் நின்று, மூடியைப் பாதி திறந்தபடி உண்டேன். பின்னர் அதற்கும் மனமின்றி, ஏறத்தாழ ஒரு மாத காலம் அச்சோற்றைக் கால்வாயிற் கொட்டினேன். வீட்டில் கேட்டால், 'சாப்பிட்டுவிட்டேன் அம்மா' என்பேன். அவர் மறையும் வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. என்னை ஒளித்து உண்ணச் சொல்லி எந்த ஆசிரியரும் கட்டளையிடவில்லை. அங்கே எழுந்த ஒரு சிரிப்பே அதற்குப் போதுமாயிருந்தது.

ஆனால் நம் புந்தோங்கைப் பாருங்கள். இவ்வூரின் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் ஓமப்பொடியும் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் இல்லங்களுக்கும், சீனப் புத்தாண்டுக்குச் சீனர் இல்லங்களுக்கும் செல்கின்றன. நம் கைப்பக்குவத்தை அவர்கள் விரும்பி உண்கின்றனர். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குச் செல்லும் வழியெங்கும் நாம் அமைக்கும் தண்ணீர்ப்பந்தல்களில், இன்னார் என்று கேட்டா மோர் வழங்குகிறோம்? பெரியோர் கூடுமிடத்தில் இயல்பாக நடக்கும் இப்பரிமாற்றம், பிள்ளைகள் கூடுமிடத்தில் ஏன் கடினமாக வேண்டும்?

அன்பர்களே, பிறரைக் குறை கூறுமுன் நம் பழங்கணக்கையும் பார்த்தாக வேண்டும். பள்ளியில் பிரித்து உணவிட்ட பழி நம்மவர்க்கும் உண்டு. வ.வே.சு. ஐயர் விடுதலைப் போரில் தம்மையே ஒப்படைத்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. அவர் 1922-இல் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். சாதி வேறுபாடற்ற தேசப் பற்றாளரை உருவாக்கும் என்று நம்பிப் பலரும் அதற்குப் பொருளுதவி செய்தனர். அங்கேயே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவிடப்பட்டது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கியதாக ஐயர் விளக்கினார். யார் மனமும் புண்படலாகாது என்றே அவர் இசைந்திருக்கலாம். ஆயின், இருவர் வீட்டாரின் மனம் காக்கப்பட்டபோது, எஞ்சிய பிள்ளைகளின் மனத்தை எவரும் எண்ணவில்லை. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அந்நாளில் காங்கிரசிலிருந்த ஈ.வெ. ராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். 1925-இல் அப்பூசல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கிற்று. அதே ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் நம் ஈப்போவுக்கு வந்து, இங்குக் கூடிய தமிழர் மாநாட்டில் உரையாற்றினார் என்பதை இளையோர் அறிந்துகொள்ள வேண்டும்.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2023-இல் கரூர் மாவட்டத்தில், காலை உணவு சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காகச் சில பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரிற் சென்று பேச வேண்டியதாயிற்று.

இதற்கு நல்வழியையும் அதே தமிழ்நாடு காட்டியுள்ளது. காமராசர் 1956-இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 1989-இல் முட்டையும் சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத பிள்ளைக்குப் பின்னர் வாழைப்பழம் வழங்கலாயினர். முட்டை உண்பவனும் பழம் உண்பவனும் ஒரே வரிசையில் அமர்கின்றனர். தட்டில் வேற்றுமை உண்டு. இருக்கையில் வேற்றுமை இல்லை. பிறர் உணர்வை மதிப்பதென்றால் இதுதான் என்பது என் கருத்து. ஒரு பிள்ளையை மறைத்து வைத்து இன்னொரு பிள்ளையை மதித்தல் இயலாது.

நம் நாட்டிலும், நோன்பு மாதத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகள் வழக்கம்போல் இயங்க வேண்டுமென 2024-இல் கல்வி அமைச்சர் ஃபாட்லினா சிடேக் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் அமைச்சின் அறிவிப்பு கதவைத் திறந்து வைக்குமேயன்றி, உள்ளே நடந்துகொள்ளும் முறையைக் கற்பிக்காது. அதை நாம்தாம் வீட்டிற் கற்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளுக்கு உரியது. நோன்பிருக்கும் தோழன் முன்னே தின்று காட்டிக் கேலி செய்யாதீர்கள். அதற்காக ஒளிந்துகொள்ளவும் வேண்டா. நாம் மாட்டிறைச்சியை விலக்குபவராயின், 'நன்றி, எனக்கு வேண்டாம்' என்று சிரித்த முகத்துடன் சொன்னாற் போதும். முகஞ்சுளித்தல் ஆகாது. சைவ உணவினர் பிறர் தட்டைப் பார்த்துச் 'சீ' என்பதும் பக்தியாகாது. வெள்ளிக்கிழமை விரதமிருக்கும் பிள்ளையைப் பிறர் நகையாடுவதும் அழகன்று.

இரண்டாவது, பெற்றோருக்கு உரியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். சிற்றுண்டிச்சாலையில் ஒரு சைவ உணவேனும் கிடைக்கவும், ஒவ்வோர் உணவிலும் சேர்ந்துள்ள இறைச்சி எதுவென எழுதி வைக்கவும் பணிவுடன் கேளுங்கள். கூட்டத்தில் வாய் திறவாமல் இருந்துவிட்டு, வீட்டிற்கு வந்து குமுறுவதாற் பயனில்லை.

மூன்றாவது, நம் ஆலயத்திற்கு உரியது. இன்று நம் பிள்ளை ஒரு சீனத் தோழனையோ மலாய்த் தோழனையோ அழைத்து வந்தால், அவனையும் நம் பிள்ளையின் பக்கத்திலேயே அமர்த்துங்கள். நம் இலையில் எதை உண்பது, எதை விடுவது என்பது அவன் விருப்பம். சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லும் வழக்கம் மட்டும் இங்கே வேண்டா.

என் தாயாரின் சோற்றை நான் கொட்டிய குற்றத்தை இனித் திருத்த இயலாது. உங்கள் பிள்ளை நாளை பள்ளியில் தன் உணவுப் பெட்டியை முழுதாகத் திறந்து வைத்து, தோழர் நடுவே அமர்ந்து உண்ணுமாயின், அதுவே எனக்கு ஆறுதல். அதற்கான நல்லறிவையும் துணிவையும் அன்னை மகாமாரி நம் அனைவர்க்கும் அருள்வாளாக.

இலை காத்திருக்கிறது.