மாதவிலக்கும் நன்மை தரும் நுண்ணுயிர்களும்



சிங்கப்பூர்த் தேக்காவுக்குச் செல்லும் நம்மவர்கள், அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை, இன்றைய கேகே மருத்துவமனையை, அறிவர். எருமைத் தொழுவம் என்பது அப்பெயரின் பொருள். அதன் பழைய கட்டடத்தில் 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. மகப்பேற்றிற்குத் தயங்காமல் மருத்துவமனை செல்லும் பெண்கள் பலர், மாதவிலக்கையொட்டிய நாற்றத்தையும் வெள்ளைப்படுதலையும் மட்டும் மறைத்துவிடுகின்றனர்.

மறைப்பதற்கு இதில் குற்றம் ஏதுமில்லை. பிறப்புறுப்பின் உட்பாதையில், தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் இனத்தவை வாழ்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் டோடர்லைன் 1892-இல் இவற்றை விளக்கினார். இவை உண்டாக்கும் புளிப்பு, தீய கிருமிகளைப் பெருகவிடாது. விலக்கு நாள்களில் வெளிப்படும் குருதியோ சற்றுக் காரத்தன்மையுடையது. வாளியிலுள்ள ரப்பர்ப்பால் புளித்து உறையாதிருக்க நாம் அமோனியா ஊற்றுவதில்லையா? அதுபோலவே குருதி அப்புளிப்பைத் தணித்துவிடுகிறது. நல்லவை குறையும், மற்றவை தலைதூக்கும். விலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகுந்து, பெரும்பாலோர்க்குச் சில நாள்களில் பழைய நிலை தானே திரும்பும்.

ஆதலின் சோப்போ கிருமிநாசினியோ கொண்டு உள்ளே கழுவுதல் தகாது, நல்லவையும் அழிந்துவிடும். வெளிப்புறத்தை நீரால் கழுவினால் போதும். நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை துணியை மாற்றவேண்டும்; துவைத்ததை வெயிலில் உலர்த்தவேண்டும். நிரையில் பால் வெட்டும் பெண்ணுக்கு அதற்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. கழிப்பிடமும் நீரும் அமைத்துத் தருமாறு நிர்வாகத்திடம் கேட்பதில் வெட்கமில்லை.

விலக்கு நின்றும் சாம்பல்நிற வெள்ளைப்படுதலும் மீன் நாற்றமும் நீடித்தால் மருத்துவரைக் காண்க, மருந்தால் தீரக்கூடியதே. கணவன்மாரும் உடன் செல்லலாம், கேலி பேசாமல்.